ஒப்புதல் கேட்கும் மெயிலுக்கு அவுட்லுக்கில் தனிப் படிவம் செய்ய முடியுமா?

லீவு, கொள்முதல், ஓவர்டைம் எல்லாவற்றுக்கும் மெயிலில்தான் ஒப்புதல் கேட்கிறோம், ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள், அவுட்லுக்கிலேயே ஒரு படிவம் செய்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் அதற்கு முன்னால், ஒப்புதல் தருகிறவர் மெயிலை எதில் பார்க்கிறார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கணினியில் பழைய (கிளாசிக்) அவுட்லுக்கில் மட்டும்தான் இந்தப் படிவம் படிவமாகத் தெரியும். போனிலும் புதிய அவுட்லுக்கிலும் தெரியாது.

எல்லோரும் கிளாசிக்தான் என்றால் சரி. ஆப்ஷன்ஸில் போய் டெவலப்பர் பட்டையைக் கொண்டுவாருங்கள். 'டிசைன் எ ஃபார்ம்' அழுத்தி, மெசேஜ் படிவத்தைத் திறந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

நான் முதல்முறை செய்தபோது டூல்பாக்ஸிலிருந்து வெறும் டெக்ஸ்ட் பாக்ஸ்களை இழுத்துப் போட்டு அழகாக அடுக்கினேன். அனுப்பியவர் எல்லாவற்றையும் நிரப்பித்தான் அனுப்பினார். மேலாளர் திறந்தால் கட்டங்கள் காலி. ஒரு மோட்டார் ரீவைண்டிங் வேலை இதனால் இரண்டு நாள் நின்றது. காரணம் இதுதான்: ஒரு பெட்டியில் தட்டியது மெயிலோடு போக வேண்டுமானால் அந்தப் பெட்டி ஒரு ஃபீல்டோடு (தகவல் சேமிக்கப்படும் இடம்) இணைந்திருக்க வேண்டும். 'ஃபீல்டு சூசர்' பட்டியலில் 'நியூ' கொடுத்து ஃபீல்டை உருவாக்கி, அங்கிருந்தே இழுத்துப் போட்டால் இணைப்பு தானாக வந்துவிடும். இன்னொன்று, எழுதுகிற பக்கமும் படிக்கிற பக்கமும் தனித்தனி. 'எடிட் ரீட் பேஜ்' போய் அங்கேயும் அதே ஃபீல்டுகளை வைக்க வேண்டும். பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

படிவத்தில் ஸ்கிரிப்ட் எழுதிக் கணக்குப் போட நினைத்தால் வேண்டாம். 2017-இல் வந்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு அது இயல்பிலேயே முடக்கப்பட்டிருக்கிறது. கணினி கணினியாக, விண்டோஸ் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அனுமதி தர வேண்டியிருக்கும். முடித்த படிவத்தைப் பொதுவான ஆர்கனைசேஷனல் ஃபார்ம்ஸ் லைப்ரரியில் பப்ளிஷ் செய்யுங்கள். அதற்கு உங்கள் எக்ஸ்சேஞ்ச் (அலுவலக மெயில் சர்வர்) அட்மின் உரிமை தர வேண்டும்.

போனிலோ புதிய அவுட்லுக்கிலோ பார்ப்பவர் ஒருவர் இருந்தாலும், நான் மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸும் (இணையப் படிவம்) பவர் ஆட்டோமேட்டும்தான் (ஃப்ளோ எனப்படும் தானியங்கி வேலைகளை ஓட்டும் சேவை) சொல்வேன். படிவம் நிரப்பியதும் ஃப்ளோ ஓடி, அப்ரூவ், ரிஜெக்ட் பட்டன்களோடு மேலாளருக்கு மெயில் போகும். ஃப்ளோ ஒருமுறை ஓடத் தொடங்கினால் அந்த ஓட்டம் 30 நாள்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் அப்படியே நின்றுவிடும். அதனால் ஒரு வாரத்திலேயே நினைவூட்டல் போகும்படி வையுங்கள்.

எதில் செய்தாலும் கேள்விகளைக் குறைவாக வையுங்கள். எங்கள் கொள்முதல் படிவத்தில் 14 கட்டங்கள் இருந்தன. இப்போது நான்குதான்: என்ன வேண்டும், எவ்வளவு ஆகும், எந்தத் தேதிக்குள், தாமதமானால் எந்த வேலை நிற்கும். அந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் சேருங்கள். முன்பெல்லாம் மேலாளர் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். அப்புறம், தொகையும் தேதியும் மெயில் தலைப்பிலேயே வரட்டும். பயணத்தில் இருக்கிறவர் திறக்காமலே எதை முதலில் பார்ப்பது என்று முடிவு செய்துவிடுவார்.