பைலட் பயிற்சிக்குப் பணம் சேர்க்க எந்த வேலைக்குப் போகலாம்? கப்பலில் சம்பாதித்துப் பறக்கப் போனவனின் பதில்

“வயது 19. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்தேன். பைலட் ஆக வேண்டும், வீட்டில் அவ்வளவு வசதி இல்லை. எந்த வேலைக்குப் போனால் சீக்கிரம் பணம் சேர்க்கலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு பல வருடம் அலைந்தவன் நான். ஊர் தூத்துக்குடி. அப்பா துறைமுகத்துக்கு லாரி ஓட்டினார். கப்பலில் என்ஜினியராக வேலை பார்த்து, அந்தப் பணத்தில் பயிற்சி முடித்து, இப்போது ஏடிஆர் என்கிற சிறிய பயணிகள் விமானத்தில் துணை விமானியாக இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வேலை தேடுவதற்கு முன்னால் மெடிக்கல் எடுத்துவிடுங்கள் தம்பி. இதை எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டரிடம் முதலில் கிளாஸ் 2 என்கிற ஆரம்ப மெடிக்கல், அது கிடைத்ததும் சம்பளத்துக்குப் பறக்கத் தேவையான கிளாஸ் 1. கண், காது, இசிஜி, ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், வரம்புக்குள் இருந்தால் போதும். ஆனால் நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால் பெரிய சிக்கல். என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் பைலட் பயிற்சிக்காகவே சவுதிக்குப் போய் மூன்று வருடம் வெயிலில் கிடந்து பணம் சேர்த்தான். திரும்பி வந்து மெடிக்கலுக்குப் போனால், புள்ளிப் புள்ளியாக இருக்கும் அந்த வட்டப் படத்தில் உள்ள எண் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. சில ஆயிரம் ரூபாய் செலவில் முதல் மாதமே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அவன் அன்றைக்கு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சரி, பணத்துக்கு வருவோம். இந்தியாவில் சிபிஎல், அதாவது சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் லைசென்ஸ், எடுக்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரமாவது நீங்களே பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும். நான் பயின்ற பள்ளியில் செஸ்னா 172 என்கிற சின்னப் பயிற்சி விமானத்துக்கு மணிக்கு 16,000 ரூபாய் வாங்கினார்கள். இரட்டை என்ஜின் விமானத்துக்கு அதைப்போல இரண்டரை மடங்கு. தங்குமிடம், சாப்பாடு, பரீட்சை, ரேடியோ லைசென்ஸ் எல்லாம் சேர்த்து இன்றைக்கு 50 லட்சத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் பயிற்சி தனி. எனக்கு அதற்கு மட்டும் 15 லட்சம் ஆனது.

இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். எவ்வளவு சம்பளம் என்பதைவிட மாசக் கடைசியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு. சென்னையில் ஐடி வேலையில் 40,000 வாங்கினால் வாடகை, சாப்பாடு, பஸ், வீட்டுக்கு அனுப்புவது போக 12,000 நின்றால் பெரிது. அந்த வேகத்தில் 50 லட்சம் சேர 30 வருடத்துக்கு மேல் ஆகும். கேபின் க்ரூ, விமான நிலையத்தில் கிரவுண்ட் ஸ்டாஃப் வேலைகளை நிறையப் பேர் சொல்வார்கள். விமானத்தைப் பக்கத்தில் பார்க்கலாம், ஆட்கள் பழக்கமாவார்கள், அதெல்லாம் உண்மைதான். ஆனால் பெரிய நகரத்தில் வாடகை கொடுத்துக்கொண்டு அந்தச் சம்பளத்தில் பயிற்சிக்குச் சேர்ப்பது ரொம்பக் கஷ்டம்.

நான் பார்த்தவரை பணம் மிஞ்சுகிற வேலைக்கு ஒரு அடையாளம் உண்டு: தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி பொறுப்பு, பக்கத்தில் கடைத்தெரு இருக்காது. கப்பல், வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு, ரிஃபைனரியை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை எல்லாம் இந்த வகை. வெல்டிங்கில் 6ஜி என்கிற கடினமான குழாய் வெல்டிங் தேர்வில் தேறியவர்களும், கயிற்றில் தொங்கி ஆய்வு செய்கிற ரோப் ஆக்சஸ் ஆட்களும் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது கப்பல், அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

நான் மெக்கானிக்கல் என்ஜினியரிங் முடித்துவிட்டு, பட்டதாரிகளுக்கான ஒரு வருட மரைன் என்ஜினியரிங் படிப்பில் சேர்ந்தேன். நாலு லட்சத்துக்கு மேல் கடன். முதல் கப்பலில் பயிற்சி என்ஜினியராக மாதம் 500 டாலர்தான். அந்த எட்டு மாதம் கடனை அடைக்கவே சரியாகப் போனது. பிறகு கிளாஸ் 4 என்கிற கப்பல் என்ஜினியர் தகுதிப் பரீட்சை எழுதி நாலாம் என்ஜினியர் ஆனதும் 3,000 டாலர். 2017, 2018 இரண்டிலும் ஆறு ஆறு மாதம் ஓடினேன், வருடத்துக்குச் சுமார் 12 லட்சம் வந்தது. 2019இல் மூன்றாம் என்ஜினியர், 15 லட்சம். 2020இல் ஆறு மாதத்துக்கென்று ஏறினேன். கொரோனாவில் துறைமுகங்கள் ஆள் மாற்ற விடவில்லை. பத்து மாதம் கரையில் கால் வைக்காமல் கப்பலிலேயே இருந்தேன். அந்த நேரத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, போனில் குரல் கேட்பதைத் தவிர வழியில்லை. 27 லட்சம் கிடைத்தது. அது எப்படி வந்த பணம் என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் பின்னால் நடந்தது அவ்வளவு வலித்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

வரி விஷயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுக் கொடி ஏற்றிய கப்பலில் வேலை பார்த்து, ஒரு நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால், அந்த ஆண்டுக்கு நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர். வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஈ வங்கிக் கணக்குக்கு வரும் அந்தச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. நாட்கணக்கை டைரியில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஒருமுறை எட்டு நாள் முன்னதாகவே ஊர் திரும்ப இருந்தேன், கணக்குப் பார்த்துவிட்டு அடுத்த துறைமுகம் வரை தங்கினேன்.

உங்களுக்கு 19 வயது என்பதால் டிகிரி வரை காத்திருக்கத் தேவையில்லை. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்து மதிப்பெண்ணும் இருந்தால், இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு எழுதி கப்பல் அதிகாரி ஆவதற்கான டிஎன்எஸ் என்கிற ஒரு வருட டிப்ளமோவில் சேரலாம். பிறகு கப்பலில் 18 மாதம் கேடட், அதாவது பயிற்சியாளர், அப்புறம் செகண்ட் மேட் என்கிற அதிகாரித் தகுதிப் பரீட்சை, அதன் பின் மூன்றாம் அதிகாரி. அந்தப் பதவிக்கு வந்த பிறகுதான் பணம் சேர ஆரம்பிக்கும், அதுவரை பொறுக்க வேண்டும். கப்பலை வழிநடத்துகிற இந்த டெக் பக்கத்துக்குக் கண்ணாடி இல்லாமலே நல்ல பார்வை கேட்பார்கள். பைலட்டுக்கே அவ்வளவு கண்டிப்பு இல்லை. பத்தாவதை வைத்து சாதாரண மாலுமி வேலைக்கான ஆறு மாத ஜிபி ரேட்டிங் படிப்பும் உண்டு, சம்பளம் அதில் கம்மி, வேலை கிடைப்பதும் கடினம்.

ஏஜென்ட்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். “மூணு லட்சம் கொடு, கப்பல் ஏத்தி விடறேன்” என்று சொல்கிறவன் யாராக இருந்தாலும், மாமா முறை ஆனாலும், எழுந்து வந்துவிடுங்கள். கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்குக் கப்பல் துறை இயக்குநரகத்தின் ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்க வேண்டும், பட்டியல் அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கிறது. வேலைக்காக மாலுமியிடம் காசு வாங்குவது சட்டப்படி குற்றம்.

கப்பல் வேலையால் எனக்குக் கிடைத்த இன்னொரு லாபத்தை முன்கூட்டி நான் எதிர்பார்க்கவில்லை. என்ஜின் அறையில் 45 டிகிரி சூட்டில் என் முறை வேலையான வாட்ச் முடித்து, குளித்துவிட்டு, கேபினில் படுக்கை மேல் டிஜிசிஏ நேவிகேஷன் புத்தகத்தை விரிப்பேன். ஒரு நாள் கப்பலுக்கு வழி கணிக்கும் எங்கள் செகண்ட் ஆபீசர், கேரளாக்காரர், எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது என் பாடம் ஆச்சே” என்றார். அன்றிலிருந்து ராத்திரி அவர் வாட்சில் இருக்கும்போது கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜுக்குப் போவேன். நாட்டிக்கல் மைல், வேகத்தை அளக்கும் நாட், காந்த ஊசி காட்டும் திசையில் வரும் வேரியேஷன், டீவியேஷன் என்கிற விலகல்கள், பூமியின் மேல் மிகக் குறுகிய வழியான கிரேட் சர்க்கிள் எல்லாம் கப்பலுக்கும் விமானத்துக்கும் பொது. இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு, அதுவும் இரண்டுக்கும் ஒன்றே. எதிரே இருட்டில் ஒரு கப்பல் வரும். “சிவப்பு தெரியுதா பச்சை தெரியுதா? அப்போ அவன் எந்தப் பக்கம் போறான்?” என்று கேட்பார். பிறகு இரவில் விமானம் ஓட்டும்போது அந்தக் கேள்விக்கு யோசிக்காமலே பதில் வந்தது. சிபிஎல்லுக்கான டிஜிசிஏ பரீட்சைகளில் நேவிகேஷன், மீட்டியோராலஜி (வானிலை), ரெகுலேஷன்ஸ் (விதிகள்), டெக்னிக்கல் நாலுக்கும் 70 மார்க் வேண்டும். நாலையும் லீவில் ஊருக்கு வந்த சமயங்களில் எழுதி முடித்தேன். கோச்சிங் கிளாஸுக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. அந்தத் தேர்ச்சிகளுக்குக் காலாவதி உண்டு, அதனால் பணம் முக்கால்வாசி சேர்ந்த பிறகு எழுதுங்கள்.

இப்போது அந்த வலித்த கதை. 2021இல் வீட்டுச் செலவெல்லாம் போகக் கையில் 47 லட்சம் இருந்தது. வட இந்தியாவில் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். முழுத் தொகையாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், 20 லட்சம் ஒரே நாளில் கட்டினேன். ஐந்து விமானம் என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் இரண்டு பறக்கிறது, மூன்று ஹேங்கரில் என்ஜினுக்காகக் காத்திருக்கிறது. அதில் ஒன்றின் டயரில் காற்றே இல்லை, இறக்கையில் குருவி கூடு கட்டியிருந்தது. ஏழு மாதத்தில் 38 மணி நேரம் பறந்தேன். டிசம்பர், ஜனவரி முழுக்கப் பனிமூட்டம். மூன்று வாரம் பறக்காமல் இருந்துவிட்டு ஏறினால் கை மறந்துபோகும், மறுபடி இன்ஸ்ட்ரக்டரோடு பறக்க வேண்டும், அதற்கும் அதே மணிக்கணக்குக் காசு. விலகி வந்தபோது 9 லட்சம் திரும்பவே இல்லை. அடுத்த பள்ளியில் சேர்வதற்கு முன் இரண்டு நாள் ரன்வே பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு எத்தனை விமானம் எழும்புகிறது என்று எண்ணினேன். அங்கே படிக்கும் பையன்களிடம் பறந்த நேரத்தைக் குறிக்கும் லாக் புக்கைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன், மாதம் 20 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடியிருந்தது. 25 மணி நேரத்துக்கு ஒரு தவணை என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கட்டினேன். நீங்களும் இப்படியே செய்யுங்கள். பாதிப் பணத்தோடு ஆரம்பித்து, “மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று மட்டும் இருக்காதீர்கள். இடைவெளி விழுந்தால் ஏற்கனவே செலவழித்ததும் கரையும். எனக்குக் கடைசியில் குறைந்த 6 லட்சத்துக்கு அக்கா தன் நகையைக் கொடுத்தாள். அவளை நினைக்காமல் நான் இன்றும் சீருடை போடுவதில்லை.

கடன் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பைலட் பயிற்சியும் கப்பல் படிப்பும் வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் வருகின்றன. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக வீடோ நிலமோ அடமானம் கேட்பார்கள். 50 லட்சத்தை 11 சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை கிட்டத்தட்ட 69,000 ரூபாய். லைசென்ஸ் வாங்கிய மறுநாளே வேலை கிடைப்பதில்லை, என்னோடு முடித்தவர்களில் இரண்டு வருடம் காத்திருந்தவர்களும் உண்டு. இருக்கிற ஒரே வீட்டை வைத்து முழுத்தொகையும் வாங்குவதை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். கப்பல் படிப்புக்கான சிறிய கடனும், பயிற்சியின் கடைசிப் பகுதிக்குக் கொஞ்சமும் என்றால் சரி.

பணமே இல்லாமல் பறக்கிற வழி ஒன்று இருக்கிறது, விமானப்படை. பன்னிரண்டாம் வகுப்போடு சேரும் தேசியப் பாதுகாப்பு அகாடமியான என்டிஏவுக்குப் பத்தொன்பதரை வயது வரைதான், உங்களுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறதா என்று பிறந்த தேதியை வைத்து இன்றைக்கே பாருங்கள். தவறினால் டிகிரிக்குப் பிறகு விமானப்படையின் நுழைவுத் தேர்வான ஏஎஃப்கேட், 20 முதல் 24 வயது. அதில் விமானிகளுக்கான கணினித் தேர்வை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுதலாம், அதனால் தயாராகாமல் போய் உட்காராதீர்கள். எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. தெரிந்தபோது வயது தாண்டிவிட்டது.

பிறந்த தேதி, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், கண்ணாடி போடுகிறீர்களா, இந்த மூன்றையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். கிளாஸ் 2 மெடிக்கலுக்கு எங்கே போவது என்பதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பறக்கும் நாட்களில் பதில் தாமதமாகலாம், ஆனால் கண்டிப்பாக எழுதுவேன்.