பக்கத்து வீட்டை இடித்து அடுக்குமாடி: மனுவுக்கு முன் சர்வே எண்

கேள்வி: மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் குளத்தருகே மூன்று தலைமுறையாக வசிக்கிறோம். பக்கத்து ஓட்டு வீட்டை இடித்துவிட்டுச் சொகுசு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். தெருவாசிகள் கையெழுத்திட்டுக் கொடுத்த மனுவுக்குப் பதிலே இல்லை. பத்தே நாளில் தடை வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நீதிமன்றம் எத்தனை நாளில் என்ன உத்தரவு போடும் என்று எந்த வழக்கறிஞரும் உறுதி தர முடியாது. அப்படித் தருபவர் பெரும்பாலும் வழக்கறிஞரே அல்லர். முன்பணத்தோடு அவர் கேட்பது, உங்கள் கையெழுத்திட்ட வெற்று வக்காலத்தை, அதாவது உங்கள் சார்பில் வழக்கு நடத்த அதிகாரம் தரும் நிரப்பாத தாளை. என்னிடம் வந்த ஒரு முதியவர் அப்படி மூன்று தாள்களில் கையெழுத்திட்டிருந்தார். அவர் பெயரில் வழக்குப் போடப்பட்டதும் பின்னர் திரும்பப் பெறப்பட்டதும் அவருக்கே தெரியவில்லை. இடைப்பட்ட நாள்களில் யாரோ யாரிடமோ பேரம் பேசி முடித்திருந்தார்கள். ஆட்சேபம் இல்லை என்று எழுதிய தாளைத் தெருவில் சுற்றுக்கு விட்டால், அதிலும் கையெழுத்திடாதீர்கள்.

உங்கள் மனுவில் பழைமை, அழகு, காற்றோட்டம் எல்லாம் இருந்திருக்கும். நில ஆவணத்தில் அந்த மனையை அடையாளம் காட்டும் சர்வே எண் இருந்திராது. அதிகாரிகளுக்கு அந்த எண்தான் தெரு. சென்னைப் பெருநகரின் கட்டுமானத்தை நெறிப்படுத்த 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தின் விதிகள், கபாலீசுவரர் கோயிலையும் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலையும் சுற்றிக் குறிப்பிடப்பட்ட பகுதிகளில் கட்டட உயரத்தை 9 மீட்டருக்குள் நிறுத்தின. பக்கத்து மனை அந்தப் பகுதிக்குள் வருகிறதா, இன்று அதற்குப் பொருந்தும் உயர வரம்பு என்ன, திட்ட அனுமதி எண் என்ன, வீட்டை இடிக்க மாநகராட்சி அனுமதி தந்ததா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடமும் (சிஎம்டிஏ) மாநகராட்சியிடமும் தனித்தனியே கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். "கோயிலிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டவே கூடாது" என்று பலரும் உங்களிடம் சொல்வார்கள். அந்தத் தடை மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களுக்கு உரியது. கபாலீசுவரர் கோயில் அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருப்பது, அந்தப் பட்டியலில் இல்லாதது. கோயில் எவ்வளவு பழையது என்பதோ, எவ்வளவு பேர் வழிபடுகிறார்கள் என்பதோ இதை மாற்றாது. இந்த வாதத்தை மட்டும் நம்பிப் போனால் முதல் விசாரணையிலேயே வழக்கு விழும், அதோடு சேர்ந்து 9 மீட்டர் என்ற நல்ல வாதமும் அடிபடும்.

வீடு பழையது என்பதாலேயே பாதுகாப்புக் கிடைத்துவிடாது. பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் அது இருக்க வேண்டும். அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது உயர் நீதிமன்றம் தலையிட்டது. இடிக்கக் கூடாது என்று 2010-இல் தீர்ப்பு வந்தது. இத்தகைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான மாநிலப் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டு, 2024-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த நகரம் இழந்த திண்ணைகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இடிப்பு பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலை, நீதிமன்றம் மூடிய பிறகுதான் தொடங்குகிறது. தேக்குத் தூண்கள் லாரியில் ஏறிய பின் வரும் தடையாணையால் பயனில்லை. ஆகவே வீட்டின் இன்றைய நிலையைத் தேதியுடன் படமெடுத்து, சர்வே எண்ணோடு புகாரை இரு அலுவலகங்களிலும் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி, அந்த நகலோடு இந்த வாரமே நீங்களே தேர்ந்தெடுத்த வழக்கறிஞரைப் பாருங்கள்.