பேஜ்மேக்கரிலிருந்து மாறுகிறவர்கள் முதலில் மாற்ற வேண்டியது

கேள்வி: சிவகாசிப் பக்கம் 19 வருடங்களாக டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைக்கும்) கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் விழா மலர் எல்லாமே பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரிலும் படம் வரையும் பழைய கோரல் டிராவிலும்தான். எழுத்துரு பாமினி. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் பேஜ்மேக்கர் அடிக்கடி நின்றுவிடுகிறது. இன்டிசைன், இன்க்ஸ்கேப் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 47 வயதில் எதைக் கற்றுக்கொள்வது? கடையை மூடாமல் எப்படி மாறுவது?

பதில்: மென்பொருளை அப்புறம் பார்ப்போம். உங்களுக்கு அதிக வேலை வைக்கப்போவது பாமினி, அதிலிருந்து தொடங்குகிறேன்.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-ல். அதற்கு யூனிகோடு, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறை, தெரியாது. அந்தக் காலத்தில் வேறு வழியில்லாமல், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். பாமினியும் அப்படி வந்ததுதான். நீங்கள் ‘அம்மா’ என்று அடித்த இடத்தில், கோப்புக்குள் இருப்பது நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழும் போய்விடும். வாடிக்கையாளர் வாட்ஸப்பில் அனுப்பும் வாசகமோ யூனிகோடு. அதை அப்படியே ஒட்ட முடியாமல் மறுபடி உட்கார்ந்து அடிப்பீர்கள், பெயரில் ஒரு பிழை விழும், கல்யாண வீட்டில் பேச்சு வாங்குவீர்கள். புது மென்பொருளுக்குப் போயும் பாமினியிலேயே அடித்தால் இந்தக் கஷ்டமும் கூடவே வரும்.

விரல் பழக்கம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். இ-கலப்பை, என்ஹெச்எம் ரைட்டர் போன்ற இலவசக் கருவிகளில் பாமினி விசைப்பலகையும் இருக்கிறது, பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையும் இருக்கிறது. நீங்கள் தட்டும் விசை அதேதான், திரையில் விழுவது மட்டும் யூனிகோடு. முதல் வாரம் இதை மட்டும் செய்யுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, காவிவனர் என்று இலவசமாகவே நல்லவை கிடைக்கின்றன. பத்திரிகைத் தலைப்புக்கான அலங்கார எழுத்துகள் பழைய முறையில் இருந்த அளவுக்கு இன்னும் யூனிகோடில் இல்லை என்பது உண்மை. அந்த ஒரு வரிக்கு மட்டும் பழைய எழுத்துருவில் அடித்து, வளைகோடாக (எழுத்தாக இல்லாமல் வரைந்த வடிவமாக) மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மென்பொருள். யார் எதைச் சிபாரிசு செய்தாலும் முதலில் ‘ஸ்ரீ கௌரி கொடுத்த பொங்கல்’ என்று யூனிகோடில் அடித்துப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளி வட்டம் தெரிந்தாலோ தமிழ் அங்கே சரியாகக் கோக்கப்படவில்லை. இன்டிசைனிலேயே பலர் இதைப் பார்த்துவிட்டு ‘இதில் தமிழ் வராது’ என்று மூடிவிடுகிறார்கள். பாராகிராஃப் பேனலின் மெனுவில் வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். அதை உங்கள் பத்தி ஸ்டைலிலேயே வைத்துவிட்டால் தினமும் தேட வேண்டியதில்லை. இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸ் எடுப்பதாக இருந்தால் 2024-ல் வந்த 1.6 அல்லது அதற்குப் பிந்தையதை எடுங்கள். பழைய 1.4-ல் தமிழ் உடைந்துதான் வரும்.

என் யோசனை இது. பத்திரிகை, நோட்டீஸ் வேலையை கோரலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் பதிப்பு மேலே சொன்ன சோதனையில் தேறவில்லை என்றால் மட்டும் புதியதுக்கு மாறுங்கள். தெரிந்த கருவியைத் தூக்கிப்போடக் காரணமே இல்லை. விழா மலர் மாதிரிப் பல பக்க வேலைகள் மாதம் முழுக்க வருகிறதென்றால் சந்தா கட்டி இன்டிசைன் கற்றுக்கொள்ளுங்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று மலர்தான் என்றால் ஸ்கிரைபஸ் போதும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொடாதீர்கள்.

பணம் காரணமாக கோரலை விட்டு, இலவச வரைகலை மென்பொருளான இன்க்ஸ்கேப்புக்குப் போக நினைத்தால், ப்ரிஃபரன்சஸில் கோரலின் குறுக்குவிசைத் தொகுப்பே இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டால் கை பழகிவிடும். ஆனால் ஆஃப்செட் அச்சுக்குப் போகும் வேலையில் கவனம் வேண்டும். இன்க்ஸ்கேப் நிறங்களை ஆர்ஜிபியில், அதாவது திரைக்கான சிவப்பு-பச்சை-நீலக் கலவையில், வைக்கும். அதன் கறுப்பை அச்சகத்தில் மாற்றும்போது நாலு மையிலும் பிரிந்துவிடும். ரிஜிஸ்ட்ரேஷன் (மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) ஒரு மயிரிழை தள்ளினாலும் சிறிய எழுத்தின் சுழிகள் அடைந்து, ண, ன இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அந்தக் கோப்பை ஸ்கிரைபஸில் ஏற்றி, வாசகத்துக்கு கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் என்று வைத்துப் பிடிஎஃப் எடுங்கள்.

கற்கும் விதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யூடியூபில் ஆப்பிள் வரைவது, லோகோ வரைவது என்று பாடங்கள் நிறைய இருக்கின்றன. அவை உங்களுக்கு வேண்டாம். உங்கள் கடையில் நன்றாகப் போன ஒரு பழைய பத்திரிகையை எடுத்து வைத்து, அதையே புது மென்பொருளில் அச்சு அசலாகச் செய்யுங்கள். எங்கே திணறுகிறீர்களோ அதை மட்டும் தேடிப் படியுங்கள். என்னிடம் வந்த டிடிபிக்காரர்களில் இப்படி ஆரம்பித்தவர்கள்தான் நிலைத்தார்கள். பத்தி இடைவெளி, ஓரம், கண்ணுக்குப் பிடித்த அளவு எல்லாம் 19 வருடமாக உங்களிடம் இருக்கிறது. புதிதாகத் தெரிய வேண்டியது பொத்தான் எங்கே என்பதுதான். 47 வயது அதற்குத் தடையே இல்லை. தினமும் கடை திறந்ததும், ஆள் வருவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவசர வேலையைப் புதியதில் தொடாதீர்கள். மூன்று மாதமாவது பழைய கம்ப்யூட்டர் அதே மேசையில் ஓடட்டும்.

அந்த மூன்று மாதத்தில் பழைய கோப்புகளையும் காப்பாற்றிவிடுங்கள். திரும்ப வரக்கூடிய வேலைகளை மட்டும் எழுத்துருவோடு சேர்த்து பிடிஎஃப்பாக எடுத்து வையுங்கள். வாசகத்தைத் தனியே எடுத்து என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக்கலாம். மாற்றிய பிறகு ஒரு முறை நிதானமாகப் படிக்க வேண்டும். நடுவில் ஆங்கிலத்தில் இருந்த படிப்புப் பட்டம், இமெயில் முகவரி எல்லாவற்றையும் கன்வர்ட்டர் பாமினி என்றே நினைத்துப் பொருளில்லாத தமிழாக்கி வைத்திருக்கும். மாப்பிள்ளையின் படிப்பு இருக்கும் வரியை முதலில் பாருங்கள்.