வாசகர் கேள்வி பதில்: கல்லூரி இடம் கேட்டு யாரிடம் போவது?

கேள்வி: மகள் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) தேறிவிட்டாள். நர்சிங் படிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. மாகாணக் கல்வி அமைச்சரான எம்.இ.சி.யிடம் மனு கொடுத்தால் பலன் உண்டா?
ஒரு தாய், சாட்ஸ்வர்த்

பதில்: கிடையாது. தமிழ்நாட்டில் மாநில அரசே பல்கலைக்கழகங்களை நடத்துவதால், இங்கே தென்னாப்பிரிக்காவிலும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 1996 அரசியலமைப்பின் நான்காம் அட்டவணை கல்வியைத் தேசிய அரசுக்கும் மாகாணங்களுக்கும் பொதுவாக வைத்தது; உயர்கல்வியை மட்டும் அதிலிருந்து கழித்துவிட்டது. டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் 2004-இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததும் தேசிய அரசின் முடிவுதான். சேர்க்கை விதிகளோ அந்த அரசின் கையிலும் இல்லை, பல்கலைக்கழக ஆட்சிக்குழுவிடம் இருக்கின்றன. நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் விண்ணப்பம் வாங்கும் மைய விண்ணப்ப அலுவலகமான சி.ஏ.ஓ.வும் அரசு அலுவலகமல்ல.

ஆனால் உங்கள் மகள் கேட்பது நர்சிங். அதில் மாகாணத்துக்குச் சொந்த வாசல் உண்டு: குவாசுலு-நேட்டால் நர்சிங் கல்லூரி. அது மாகாணச் சுகாதாரத் துறையின் கீழ் இருக்கிறது. கல்வித் துறையில் விசாரித்தால் கையை விரிப்பார்கள். இங்கே பலர் சறுக்குவது பண விஷயத்தில். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டைத் தாண்டாதவர்களுக்கு உதவும் தேசிய மாணவர் நிதியுதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ்., அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் டி.வெட் எனும் தொழிற்கல்விக் கல்லூரிகளுக்கும் உரியது. அதை நம்பி நர்சிங் கல்லூரியில் சேர வேண்டாம். சுகாதாரத் துறையின் பர்சரி (படிப்பு உதவித்தொகை) கிடைத்தால், ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள்: படிப்பு முடிந்தபின் எத்தனை ஆண்டு, எந்த மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்.

ஓரிரு மதிப்பெண்ணில்தான் இடம் நழுவியது என்றால் மறுமதிப்பீடு கேட்கலாம். அது மாகாணக் கல்வித் துறையின் வேலை. கேட்டிருக்கும் செய்தியைப் பல்கலைக்கழகத்துக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். மதிப்பெண் ஏறி வருவதற்குள் இடம் நிரம்பிவிடுவதுதான் வழக்கமான ஏமாற்றம்.

கேள்வி: முதுகலை ஆய்வுக்காவது மாகாணம் உதவுமா?
ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: பொதுவாக இல்லை. உதவித்தொகைக்கு முதலில் பார்க்க வேண்டியது தேசிய ஆய்வு அறக்கட்டளையான என்.ஆர்.எஃப். அது அறிவிக்கும் கடைசித் தேதியை நம்பாதீர்கள். உங்கள் பல்கலைக்கழக ஆய்வு அலுவலகம் அதற்கு முன்பே ஒரு தேதி வைத்திருக்கும், அதுவே உங்களுக்குக் கெடு. வேளாண்மை மட்டும் விதிவிலக்கு. அது மாகாணத்துக்கும் உரிய துறை என்பதால், ஹில்டன் அருகே சிடாராவில் மாகாண அரசே வேளாண் கல்லூரியும் ஆய்வும் நடத்துகிறது. மண், பயிர், மேய்ச்சல் நிலம் உங்கள் தலைப்பானால் அங்கே கேட்டுப் பாருங்கள்.