மரத்துப்போகும் ஊசியும் தூக்க மருந்தும் ஒன்றாகக் கொடுத்தால் ஆபத்தா?

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன், மரத்துப்போக லிக்னோகெய்ன் ஊசியோடு தூக்கத்துக்கு மிடாசோலமும் கொடுப்பார்களாம், ஒன்றோடொன்று மோதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபரேஷன்களில் வழக்கமாகச் சேர்த்துக் கொடுப்பதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

லிக்னோகெய்ன் ரத்தத்தில் அதிகமாக ஏறினால் முதலில் வாயைச் சுற்றி மரத்துப்போகும், நாக்கில் இரும்பை நக்கியது போல ஒரு சுவை, காதில் ரீங்காரம், அப்புறம்தான் வலிப்பு, அதற்கும் மேலே போனால் இதயத் துடிப்பே தடுமாறும். மிடாசோலம் வலிப்பை அடக்கும் மருந்து என்பதால் நல்லதுதானே என்று தோன்றும். சிக்கலே அங்கேதான்: அரைத் தூக்கத்தில் கிடப்பவர் "காதுல என்னமோ கேக்குது டாக்டர்" என்று சொல்லமாட்டார், முன்னெச்சரிக்கை எல்லாம் அமுங்கிப்போய் நேராக இதயத்தில் போய் நிற்கலாம். போதாக்குறைக்கு, தூக்கத்தில் மூச்சு மந்தமானால் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து லிக்னோகெய்னின் நச்சுத்தன்மை இன்னும் கூடும்.

அதனால்தான் எடை பார்த்து அளவு போடுகிறார்கள். அட்ரினலின் (ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து) கலக்காத லிக்னோகெய்ன் கிலோவுக்கு சுமார் 4.5 மி.கி. தான்; 50 கிலோ ஆளுக்கு 2 சதவீத மருந்தில் 11 மில்லி வந்தாலே எல்லை. அப்பா தூக்க மாத்திரை ஏதாவது போடுகிறாரா, குறட்டை விடுவாரா, இரண்டையும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.