கடந்துபோன அனுபவத்தை மறுபடியும் வாழ்ந்து பார்க்க முடியுமா?

பாதி முடியும். எந்தப் பாதி என்பது நம் கையில் இல்லை, அதுதான் வம்பு.

நான் ராமநாதபுரம் பக்கத்துக்காரன். சிறுவயதில் மதுரைக்குப் போவது என்றால் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் மீட்டர்கேஜ் பாசஞ்சர்தான், அதுவும் கரி இன்ஜின். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். அம்மா முந்தானை நுனியைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடேற்றி, இமைமேல் ஒற்றுவார். 2007-இல் அந்தப் பாதை அகலப் பாதையாகிவிட்டது. இப்போதும் அதே ஊர்கள் வழியாகத்தான் போகிறேன், ஒன்றும் கிளறுவதில்லை.

தமிழ்நாட்டில் மீட்டர்கேஜும் நீராவியும் சேர்ந்து மிஞ்சியிருப்பது நீலகிரி மலை ரயிலில். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர். பழைய பயணத்தைத் திரும்பப் பெறலாம் என்ற ஆசையில் மகளோடு போனேன். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்சட்டத்தைக் கவ்வியபடி வண்டி ஆமை வேகத்தில் ஏறுகிறது. குகைகள், பாலங்கள், பள்ளத்தாக்கு எல்லாம் அழகு. ஆனால் என் பால்யம் அதில் எங்குமே இல்லை. அன்று பூட்டியிருந்தது எண்ணெயில் எரியும் இன்ஜின். அதுவும் பின்னாலிருந்து தள்ளுகிறது. கரித்தூளுக்கு வழியே இல்லை. “நடந்தே போயிருக்கலாமேப்பா” என்றாள் மகள்.

வழியில் ஹில்குரோ நிலையத்தில் வண்டி தண்ணீர் பிடிக்க நின்றது. எல்லோரும் செல்ஃபி எடுக்க இறங்கினார்கள், நானும் இன்ஜின் அருகே போய் நின்றேன். சூடான இரும்பில் தண்ணீர் தெறித்து எழுந்த ஆவியும் கிரீஸ் நெடியும் மூக்கில் ஏறியதுதான் தாமதம், வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. மானாமதுரையில் இன்ஜின் தண்ணீர் பிடிக்கும்போது அப்பா கூஜாவுடன் இறங்கிப் போவார். அவர் வருவதற்குள் வண்டி கிளம்பிவிடுமோ என்று நான் பதறுவேன். எனக்கு ஐம்பது கடந்துவிட்டது, அப்பாவும் இல்லை. அந்தப் பதற்றம் மட்டும் பழுதில்லாமல் வந்துவிட்டது.

இதற்குக் காரணம் உண்டு. மற்றப் புலன்களின் செய்திகள் மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையத்தின் வழியாகப் போகின்றன. மணம் அங்கே நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேரே எட்டிவிடுகிறது.

உங்களுக்கும் ரயில்தான் என்றால் மேட்டுப்பாளையத்தில் காலை வண்டியில் ஏறுங்கள். குன்னூருக்கு மேல் டீசல் இன்ஜினை மாட்டிவிடுவார்கள். உதகை–குன்னூர் மட்டும் போய்வந்தால் புகைப்படம்தான் மிஞ்சும். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை வேண்டாம், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் தவறாமல் இறங்குங்கள்.