பார்சல் முதல் பகடை வரை: மேசை ஆர்பிஜி கேள்வி பதில்

மேசை ஆர்பிஜி என்றால் ஆளுக்கொரு கற்பனைக் கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்), பாத்ஃபைண்டர் என்று அப்படி மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பாதிக்குக் கிட்ட வெளிநாட்டிலிருந்து வரும் புத்தகப் பார்சல் பற்றிய கேள்விகள். அதனால் அவை முதலில்.

கேள்வி (மதுரை): அக்கா, கிக்ஸ்டார்ட்டர்ல ஒரு ஆர்பிஜி புத்தகத்துக்குப் பணம் கட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. அமெரிக்காவுல இருக்கிறவங்க எல்லாரும் புத்தகத்தோட போட்டோ போடுறாங்க. எனக்கு மட்டும் வரலை. ஏமாந்துட்டேனா?

பதில்: கிக்ஸ்டார்ட்டர் என்பது படைப்பாளி ஒரு பொருளைச் செய்யும் முன்பே ஆதரவாளர்களிடம் பணம் திரட்டும் தளம். ஏமாந்ததாக முடிவு செய்வதற்கு முன்னால் ஒன்றைச் சரிபாருங்கள். நீங்கள் கட்டிய தொகையில் அனுப்பும் செலவு சேர்ந்திருந்ததா? இப்போது பல திட்டங்களில் அது சேர்வதில்லை. பேக்கர்கிட் போன்ற பிளட்ஜ் மேனேஜரிலிருந்து (பணம் கட்டியவர்களின் முகவரி, தேர்வுகளை வாங்கிவைக்கும் தளம்) பின்னால் ஒரு மின்னஞ்சல் வரும். அதில் முகவரி கொடுத்து, ஷிப்பிங் தொகையைத் தனியாகக் கட்டினால்தான் உங்கள் பெயர் அனுப்பும் பட்டியலில் ஏறும். அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் கிடந்தால், புத்தகம் அச்சாகிக் கிடங்குக்கு வந்த பிறகும் உங்களுக்குக் கிளம்பாது.

அதெல்லாம் முடித்திருக்கிறீர்கள் என்றால், அடுத்தது வரிசை. பெரும்பாலான திட்டங்கள் பகுதி பகுதியாகத்தான் அனுப்புகின்றன. அமெரிக்கக் கிடங்கு முதலில் காலியாகும், பிறகு ஐரோப்பா. நாம் பெரும்பாலும் "மற்ற நாடுகள்" என்ற கடைசிப் பட்டியலில் இருப்போம். சில மாதங்கள் பின்தங்குவது சகஜம். திட்டத்தின் அப்டேட்களைத் தேதிவாரியாகப் படித்தால் நம் முறை எப்போது என்று தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் படைப்பாளிக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பேக்கர் எண் (பணம் கட்டியவருக்கான வரிசை எண்), பதிவு செய்த மின்னஞ்சல், என்ன பிளட்ஜ் (எந்தத் தொகுப்புக்குப் பணம் கட்டினீர்கள்), பின்கோடுடன் முகவரி, பிளட்ஜ் மேனேஜரில் இப்போது காட்டும் நிலை. இவ்வளவு போதும். இரண்டு பேர் நடத்தும் சின்னப் பதிப்பகத்தில் இந்த ஐந்தும் முதல் செய்தியிலேயே இருந்தால் அன்றைக்கே தேடிப் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் கேள்வியும் பதிலுமாக வாரங்கள் ஓடும். பொதுக் கமென்டில் முகவரியைப் போடவே போடாதீர்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கிக்ஸ்டார்ட்டர் ஒரு கடை அல்ல. ஒப்பந்தம் உங்களுக்கும் படைப்பாளிக்கும் இடையில்தான், தளம் அதில் சேராது. ஆனால் திட்டத்தை முடிக்க முடியாமல் போனால் பணம் எப்படிச் செலவானது என்று படைப்பாளி விளக்க வேண்டும் என்று தளத்தின் விதிமுறையே சொல்கிறது. அந்த விளக்கத்தைக் கேட்பது உங்கள் உரிமை. தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அக்கா, ட்ராக்கிங்கில டெலிவர்ட் எண்டு காட்டுது. ஆனா பார்சல் என்ர கைக்கு வரேல்லை. ஆரிட்டக் கேக்கிறது?

பதில்: இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், பிறகு அனுப்பிய நாட்டின் இரண்டு எழுத்து என்று 13 குறிகள் உள்ள எண் என்றால் அது தபால் வழியாக வந்த பார்சல். அதே எண்ணை உங்கள் நாட்டுத் தபால் துறையின் தளத்திலும் போட்டுப் பாருங்கள். வேறு செயலிகளில் "டெலிவர்ட்" என்று வருவது, பார்சல் உங்கள் ஊர்த் தபாலகத்தை எட்டியதை மட்டும் குறிக்கலாம். எண்ணைக் குறித்துக்கொண்டு தபாலகத்துக்கு நேரில் போங்கள். பக்கத்து வீட்டிலும் ஒரு முறை கேளுங்கள்.

அங்கும் இல்லை என்றால் உடனே அனுப்பியவருக்கு எழுதுங்கள். பன்னாட்டுத் தபாலில் தொலைந்த பார்சலுக்கு விசாரணை கோர, பார்சல் போட்ட நாளிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம். அதை வழக்கமாக அனுப்பியவர் தன் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று அந்த ஆறு மாதத்தையும் விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

கேள்வி (சென்னை): கஸ்டம்ஸ்ல மாட்டாம இருக்க, பார்சல் மேல "கிஃப்ட்"னு எழுதச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். அது பொய் அறிவிப்பு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அதனால் பலனும் இல்லை. 2019 டிசம்பரிலேயே வெளிநாட்டிலிருந்து வரும் பரிசுப் பொருளுக்கு இருந்த வரிவிலக்கை இந்திய அரசு எடுத்துவிட்டது. ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும்தான் அதில் தப்பின.

உண்மையில் உதவும் வழி வேறு. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகத்துக்குச் சுங்க வரி வந்தபோது அது 5 சதவீதம். பகடை, மினியேச்சர் (சின்னப் பொம்மை உருவங்கள்), டிஎம் ஸ்கிரீன் (ஆட்டத்தை நடத்தும் டிஎம் தன் குறிப்புகளை மறைக்கும் தடுப்பு) எல்லாம் வேறு கணக்கில் போகும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் "கேம்" என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பினால் புத்தகத்துக்கும் அதிக வரி விழ வாய்ப்பு உண்டு. இன்வாய்ஸில் புத்தகத்தைத் தனி வரியில், தனி விலையோடு எழுதச் சொல்லுங்கள்.

கூரியர் என்றால் கேஒய்சி கேட்பார்கள். பார்சலில் உங்கள் கேமிங் புனைபெயர் இருந்தால் ஆதாரோடு பொருந்தாது, பெட்டி அங்கேயே நிற்கும். அடையாள அட்டையில் இருக்கும் பெயரையும் வேலை செய்கிற கைபேசி எண்ணையும் கொடுங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): திட்டம் முடிந்த பிறகு "டாரிஃப் ஏறிவிட்டது, கூடுதலாகக் கட்டுங்கள்" என்று கேட்கிறார்கள். நியாயமா?

பதில்: என்ன வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. 2025 ஏப்ரலில் சீனப் பொருட்களுக்கான அமெரிக்க வரி 145 சதவீதம் வரை போனது, மே மாதத்தில் 30க்கு இறங்கியது. மினியேச்சரும் பெட்டி செட்டும் சீனாவில் செய்துவாங்கும் சின்ன நிறுவனங்கள் அந்த ஒரு மாதத்தில் பட்ட பாடு உண்மையானது. முன்கூட்டியே வாங்கிய பணத்தில் அந்த வரியைக் கட்ட அவர்களால் முடிந்திருக்காது. எத்தனை பெட்டி, எவ்வளவு வரி என்று கணக்கோடு வந்து கேட்பவருக்குக் கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் புத்தகம் அந்த வரியில் சேரவில்லை. அச்சிட்ட தகவல் பொருளுக்கு அதில் விலக்கு இருந்தது. புத்தகம் மட்டும் வாங்கியவரிடம் டாரிஃப் என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்டால், எந்தப் பொருளுக்கு என்று கேளுங்கள். கப்பல் கட்டணம் ஏறியிருக்கலாம், அதையும் வெளிப்படையாகச் சொல்லட்டும்.

கேள்வி (கோயம்புத்தூர்): புத்தகம் வந்துடுச்சு, ஆனா 160ஆம் பக்கத்துக்கு அப்புறம் 177 வருது. திருப்பி அனுப்பணுமா?

பதில்: அது பைண்டிங் தவறு. தைத்துக் கட்டும் புத்தகங்களில் பெரும்பாலும் 16 அல்லது 32 பக்கக் கட்டுகளாக மடித்துச் சேர்ப்பார்கள். உங்களுக்கு ஒரு கட்டு முழுசாக விட்டுப் போயிருக்கிறது. இது பதிப்பாளரே ஒப்புக்கொள்ளும் குறை. 160, 177 இரண்டும் தெரிகிற மாதிரி ஒரு படம், அச்சு விவரப் பக்கத்தின் படம் ஒன்று, இரண்டையும் அனுப்புங்கள். பல நேரம் பழைய பிரதியைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள், திருப்பும் செலவு புத்தக விலைக்கு அருகில் வந்துவிடும். புத்தகம் வந்த அன்றைக்கே பக்க எண்களை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிடுங்கள். ஒரு வருடம் கழித்து ஆட்டத்தின் நடுவில் கண்டுபிடித்தால் மாற்றுப் பிரதி மிச்சம் இருக்காது.

கேள்வி (பெங்களூரு): புது விதிகளை பிளேடெஸ்ட்டுக்கு விடுறப்போ நான் நீளமா ஃபீட்பேக் எழுதுறேன். யாராவது படிக்கிறாங்களா? நம்ம சொல்லி எதாவது மாறுதா?

பதில்: பிளேடெஸ்ட் என்பது புது விதிகளை வெளியிடும் முன் ஆடுகிறவர்களிடம் கொடுத்துச் சோதிப்பது. அதில் சொல்வதால் விதிகள் மாறுகின்றன, தேதியோடு காட்டலாம்.

டி அண்ட் டி 2024 பதிப்புக்கான முதல் சோதனைத் தொகுப்பு 2022 ஆகஸ்டில் வந்தது. அதில் கிரிட்டிகல் ஹிட் (இருபது முகப் பகடையில் 20 விழுந்தால் கிடைக்கும் கூடுதல் அடி) வீரர்களின் ஆயுத அடிக்கும் கைச்சண்டைக்கும் மட்டும்தான். அரக்கர்களுக்குக் கிரிட்டே இல்லை. அடுத்த மாதமே வந்த இரண்டாம் தொகுப்பில் பழைய விதி திரும்பியது. 2023 பிப்ரவரியில் ட்ரூயிட் என்ற மந்திரவாதி வகையின் வைல்ட் ஷேப்பை (மிருகமாக மாறும் திறன்) நிலம், கடல், வானம் என்று மூன்று பொது வடிவங்களாகச் சுருக்கிப் பார்த்தார்கள். ஓநாயாக மாற விரும்பியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 2024 புத்தகத்தில் ட்ரூயிட் மறுபடியும் நிஜ மிருகங்களின் பலம், வேகம் போன்ற எண்களோடுதான் வருகிறது. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் 2018 சோதனையில் ரெசொனன்ஸ் என்று, மந்திரப் பொருளைப் பயன்படுத்துவதற்கான புள்ளிக் கணக்கு ஒன்று இருந்தது. ஒரு மருந்துக் குப்பியைக் குடிக்கக்கூட அதில் ஒரு புள்ளி செலவாகும். 2019இல் வந்த இறுதிப் புத்தகத்தில் அது இல்லை.

எந்த மாதிரி ஃபீட்பேக் பயன்படுகிறது என்பதுதான் முக்கியம். பலர் மாற்று விதியை எழுதி அனுப்புகிறார்கள்: "இதை 2டி6 ஆக்குங்கள், இந்தத் திறனை ஐந்தாம் லெவலுக்குத் தள்ளுங்கள்." (2டி6 என்றால் ஆறுமுகப் பகடை இரண்டு.) வடிவமைப்பாளரிடம் அந்த மாதிரி யோசனை ஏற்கெனவே நூறு இருக்கும். அவரிடம் இல்லாத ஒன்று உங்களிடம்தான் இருக்கிறது: உங்கள் மேசையில் நடந்தது. எத்தனை பேர், என்ன லெவல், எந்தச் சண்டை, எந்த நொடியில் ஆட்டம் நின்றது, யார் எந்தப் பத்தியை எப்படிப் புரிந்துகொண்டார், பிறகு என்ன முடிவெடுத்தீர்கள். "மூன்றாம் ரவுண்டில் ட்ரூயிட் ஆடுபவர் எண்களைத் தேட ஐந்து நிமிடம் எடுத்தார், மற்ற மூவரும் போனை எடுத்தார்கள்" என்ற ஒரு வரி, இரண்டு பக்க வாதத்தைவிட மேல்.

ஆடாமல் படித்து மட்டும் சொல்லும் கருத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் "படித்தேன், ஆடவில்லை" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். பிடித்ததையும் மறக்காமல் எழுதுங்கள். பிடித்தவர்கள் பேசாமல் இருந்ததால் நல்ல விதி ஒன்று தூக்கப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்கவும் வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியத்தில் நடந்ததை வரிசையாகச் சொன்னால் போதும்.

கேள்வி (திருச்சி): எங்க குரூப்ல சிலர் 2014 புத்தகம், சிலர் 2024. ஒவ்வொரு செஷனும் சண்டையில முடியுது, டிராகனோட இல்லை, எங்களுக்குள்ள.

பதில்: 2014, 2024 இரண்டும் டி அண்ட் டி விதிப் புத்தகத்தின் பதிப்புகள். எங்கே இடிக்கிறது என்று சொல்கிறேன். 2014இல் காயம் ஆற்றும் ஹீலிங் போஷன் குடிக்க உங்கள் முறையின் முக்கியச் செயலான ஆக்‌ஷன், 2024இல் கூடுதல் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன். கியூர் வூண்ட்ஸ் என்ற குணமாக்கும் மந்திரம் 1டி8 இலிருந்து 2டி8 ஆனது. 2014இல் போனஸ் ஆக்‌ஷனில் மந்திரம் போட்டால் அந்தத் திருப்பத்தில் இன்னொன்றாக ஒரு கான்ட்ரிப் (செலவில்லாத எளிய மந்திரம்) மட்டும்தான் போடலாம். 2024இல் ஒரு திருப்பத்துக்கு ஒரு ஸ்பெல் ஸ்லாட் (பெரிய மந்திரத்துக்குச் செலவாகும் வாய்ப்பு) என்று எளிமையாக்கிவிட்டார்கள். கேரக்டரை அவரவர் புத்தகப்படி வைத்துக்கொள்ளலாம், அது பெரிதாக இடிக்காது. ஆனால் சண்டை விதிக்கும் மந்திரத்துக்கும் ஒரே புத்தகம் என்று டிஎம் இன்றே அறிவிக்க வேண்டும். நான் டிஎம்மாக இருந்தால் 2024ஐ எடுப்பேன். அந்த ஸ்லாட் விதி ஒன்றே போதும், பாதிச் சண்டை குறையும்.

ஆட்டத்தின் நடுவில் சந்தேகம் வந்தால் டிஎம் ஒரு முடிவு சொல்லட்டும், ஆட்டம் ஓடட்டும். புத்தகத்தைச் செஷன் முடிந்து திறந்து, சரியான விதியை குரூப்பில் போட்டுவிடுங்கள்.

கேள்வி (சேலம்): என் டி20 சபிக்கப்பட்டது. நேத்து பூரா ஒரு 20 கூட விழலை. உப்புத் தண்ணியில மிதக்கவிட்டுப் பாக்கச் சொல்றாங்க.

பதில்: ஒழுங்கான டி20ஐ (இருபது முகப் பகடை) 20 தடவை உருட்டினாலும் ஒரு 20 கூட விழாமல் போக வாய்ப்பு சுமார் 36 சதவீதம். மூன்றில் ஒரு இரவு அப்படித்தான் போகும். உப்புத் தண்ணீர், உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறதா என்று காட்டும். முகங்கள் சீராக இல்லாததை அது காட்டாது. நிஜமாகச் சந்தேகம் என்றால் 200 தடவை உருட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முகத்துக்குச் சராசரி 10. ஒன்று 4 முறையும் இன்னொன்று 16 முறையும் வந்தால்கூடக் கவலைப்பட எதுவும் இல்லை.

கேள்வி (சிங்கப்பூர்): டி அண்ட் டி விதிகளை வைத்துத் தமிழில் ஒரு அட்வென்ச்சர் எழுதி விற்கலாமா?

பதில்: தாராளமாக. 2023 ஜனவரியில் டி அண்ட் டி விதிகளைப் பிறர் பயன்படுத்த விட்ட பழைய உரிமத்தை அதன் பதிப்பாளர் மாற்றப் போவது கசிந்து, ஆடுகிறவர்கள் கொதித்தெழுந்த பிறகு, அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1 முழுவதையும், யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தில் விட்டுவிட்டார்கள். 2025இல் எஸ்ஆர்டி 5.2உம் அப்படியே வந்தது. மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கலாம். அவர்கள் கேட்கும் நன்றிக் குறிப்பைப் புத்தகத்தில் போட வேண்டும், அவ்வளவுதான். எஸ்ஆர்டிக்கு வெளியே எதையும் எடுக்காதீர்கள். பிஹோல்டரும் மைண்ட் ஃப்ளேயரும் அந்தப் பட்டியலில் அரக்கர்களாக இல்லை. உங்கள் சொந்த அரக்கனை எழுதுங்கள், நான் முதல் ஆளாக வாங்குகிறேன்.

கேள்வி (திருநெல்வேலி): புத்தகம் வாங்கக் காசில்லை, நாலு காலேஜ் பசங்க. எங்கிருந்து தொடங்க?

பதில்: மேலே சொன்ன எஸ்ஆர்டி இலவசம், சட்டப்படி ஜெராக்ஸும் போடலாம். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் விதிகள் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும். போனில் பகடை ஆப் போதும். முதலில் ஒரே மாலையில் முடிகிற ஒன்-ஷாட் ஆடுங்கள், பெரிய கேம்பெயின் (பல செஷனுக்கு நீளும் கதை) பிறகு.

கேள்வி (டொரொன்டோ): என் ஹவுஸ் ரூல் (நானே சேர்த்த விதி) பிடிச்சிருக்கா என்று கேட்டால் எல்லாரும் "நல்லா இருக்கு" என்கிறார்கள். நிஜம் எப்படித் தெரியும்?

பதில்: பிடிச்சிருக்கா என்று கேட்டால் நண்பர்கள் வேறென்ன சொல்வார்கள்? செஷன் முடிந்ததும் தனித்தனியாக இரண்டு கேள்வி கேளுங்கள்: "எந்த இடத்தில் சலிப்பாக இருந்தது? எதைச் செய்ய நினைத்து, விதி தடுத்ததால் விட்டீர்கள்?" பேசத் தயங்குகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், மறுநாள் பதில் வரட்டும். வந்த பதிலுக்கு அங்கேயே வாதாடாதீர்கள், ஒருமுறை வாதாடினால் அடுத்த தடவை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். விதியை மூன்று செஷனுக்கு என்று கெடு வைத்துத் தொடங்கி, நான்காவது செஷனில் அது இல்லாமல் ஆடிப் பாருங்கள். யாராவது "அந்த ரூல் எங்கே?" என்று கேட்டால் வைத்துக்கொள்ளுங்கள்.